அந்தப் பக்கத்துக்குக் கம்பி வேண்டாம்

என் தங்கையின் கணவர் ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். மீதிப் பாதிப் பேர், அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்கிக்கொள்பவர்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா? அதை இருபத்திரண்டு வருடம் மிதித்த பழக்கத்தில், சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட அவர் வலது கால் எதையாவது அமுக்கிக்கொண்டே இருக்கும். அதனால் ஊரில் அவருக்கு 'ரெண்டு பிரேக்கு' என்று பட்டப்பெயர். நான் அப்படிக் கூப்பிட முடியாது. தங்கையைக் கட்டியவர், மாப்பிள்ளை. அவர் முகம் ஒரு நாள் சுருங்கினால், என் வீட்டில் எனக்கு ஒரு வாரம் சோறு இறங்காது. என் மனைவி அப்படிப் பார்ப்பாள்.

நான் வெல்டர். கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்துகொண்டிருந்தவன், பத்து வருடமாகப் பந்தயக் கார்களுக்கு ரோல் பார் போடுகிறேன். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. கார் குட்டிக்கரணம் அடித்தால் கூரை தலையில் இறங்கக் கூடாது. அதற்காக சீட்டுக்குப் பின்னால், தரையிலிருந்து எழும்பி, கூரையை ஒட்டி வளைந்து, மறுபடி தரைக்கே இறங்கும் ஓர் இரும்புக் குழாய் வளையம். அவ்வளவுதான்.

மாப்பிள்ளைக்கு ஐம்பதாவது வயதில் பந்தயப் பைத்தியம் பிடித்தது. வேறு சிலருக்கு அந்த வயதில் சர்க்கரை வருகிறது, அதற்காவது மாத்திரை உண்டு. தன் ஸ்கூலில் ஓடித் தேய்ந்த ஒரு சின்னக் காரை எடுத்து, பின் சீட்டைப் பிடுங்கி, எடை குறைய வேண்டும் என்று அந்த இரண்டாவது பிரேக்கையும் கழற்றி எறிந்தார். மஞ்சள் பெயிண்ட் அடித்தும் பின்பக்கம் எல் போர்டு ஒட்டியிருந்த பசைத் தடம் மறையவில்லை. கார் கிளப் நடத்தும் மலைப்பாதைப் பந்தயத்தில் பெயர் கொடுத்தார். சாலையை அடைத்துவிட்டு ஒவ்வொரு காராக மேலே அனுப்புவார்கள். யார் குறைந்த நேரத்தில் ஏறுகிறாரோ அவர் வென்றவர். அருகில் ஒருவர் உட்கார்ந்து, அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்று குறிப்பு நோட்டைப் பார்த்துப் படிக்கலாம். அந்த ஒருவர் என் தங்கை.

தங்கை நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். ஒரு சென்டிமீட்டர் தவறினால் இரண்டு குடும்பம் கோர்ட்டுக்குப் போகும் என்று தெரிந்து வேலை செய்கிறவள். அந்த மலைச் சாலையைக் கையில் டேப்போடு நடந்தே அளந்து, முப்பத்தேழு வளைவுகளையும் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். மாப்பிள்ளை அந்தச் சாலையை அவள் குரலில்தான் பார்ப்பார். ஆனால் கிளப்பில் பேசும்போது "நான் அந்த வளைவை எடுத்தேன் பாருங்க" என்பார். அவளும் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

போன சீசன் கடைசியில் கிளப்பில் ஒரு பேக்கரிக்காரர் கார் பக்கவாட்டில் வழுக்கிப் போய்ப் பாறையில் மோதியது. ரோல் பார் கம்பீரமாக நின்றது. கதவு உள்ளே வந்து அவருடைய விலா எலும்பு இரண்டை முறித்தது. அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை என் பட்டறை வாசலில் நின்றார்.

"மச்சான், ரோல் பார் கார் உருண்டாத்தான் காப்பாத்தும். பக்கத்துல இருந்து எவனாவது வந்து இடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று எனக்கே பாடம் எடுத்தார்.

மலையில் ஒவ்வொரு காராகத்தான் விடுகிறார்கள், எவன் வந்து இடிப்பான் என்று நான் கேட்கவில்லை. இதே விஷயத்தைப் போன வருடம் நான் சொன்னபோது "பயப்படுறவன் ஸ்கூட்டர் ஓட்டட்டும் மச்சான்" என்று சிரித்தவர் இவர்தான் என்றும் ஞாபகப்படுத்தவில்லை.

"கதவுக்குக் குறுக்கே கம்பி போடணும் மாப்பிள்ளை. போட்டுடலாம்" என்றேன்.

வேலை இதுதான். பின்னால் ரோல் பார் வளையத்தில் முழங்கை உயரத்தில் ஒரு முனை, முன்னால் கதவுக் கீலுக்குக் கீழே தரையில் ஒரு முனை. நடுவில் குழாய் இடுப்புக்குப் பக்கமாக, கதவை ஒட்டி வளைந்து போக வேண்டும். கீழே முனை உட்காரும் இடத்தில் கார்த் தரைத் தகரம் காகிதம் மாதிரி இருக்கும். ஆகவே உள்ளங்கை அகலத்தில் கனத்த தகடு வைத்து, சக்தியைப் பரப்பிவிட வேண்டும். நான் ஓட்டுநர் பக்கம் அளந்துவிட்டு, சுற்றிப் போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து டேப்பை வைத்தேன்.

"அங்க என்ன பண்றீங்க?"

"அளக்கறேன். தங்கச்சி உட்கார்ற பக்கம்."

"அந்தப் பக்கம் வேணாம் மச்சான். ஒரு கம்பி எவ்வளவு எடை வரும்?"

"குழாய், தகடு, போல்ட் எல்லாம் சேர்த்து அஞ்சு கிலோ."

"அஞ்சு கிலோ!" என்று நெஞ்சில் கை வைத்தார். "மலையேத்தத்துல அஞ்சு கிலோன்னா என்னன்னு தெரியுமா? அரை செகண்டு! நான் ஒவ்வொரு கிராமா குறைச்சிட்டு வர்றேன். கதவுல பிளாஸ்டிக்கைக்கூட கழட்டிட்டேன்."

அதைச் சொன்ன மனிதருக்கு பெல்ட்டின் கடைசி ஓட்டை போதாமல், ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று இருந்தது. என் கண் அங்கே போயிற்று. வாய் போகவில்லை.

"இருந்தாலும் மாப்பிள்ளை, மோதுறது எந்தப் பக்கம்னு முன்னாலேயே தெரியாதே."

"நான் ஓட்டும்போது அந்தப் பக்கம் மோதாது" என்றார்.

நம் குடும்பங்களில் மாப்பிள்ளை இப்படி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு பௌதிகம் வேலை செய்யாது. சொன்னது சொன்னதுதான்.

மறுநாள் குழாயை வளைத்தேன். ஓர் இயந்திரத்தில் ஓர் அளவை வைத்துவிட்டால் ஜோடியாக வளைப்பதுதான் வழக்கம். ஒன்று, அதன் கண்ணாடிப் பிம்பமாக இன்னொன்று. பழக்கத்தில் வளைத்தேன் என்று பின்னால் என்னையே சமாதானம் செய்துகொண்டேன். பழக்கம் இல்லை. இரண்டாவது குழாயில் சாக்பீஸால் 'தங்கச்சி பக்கம்' என்று எழுதினேன். வளையத்தில் கச்சிதமாக உட்காருவதற்கு அதன் வாயைக்கூட அரைவட்டமாகக் குடைந்து வைத்தேன். மாப்பிள்ளை மனம் மாறினால் ஒரு மணி நேர வேலை.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் தங்கை அலுவலகத்திலிருந்து வந்தாள். மாப்பிள்ளை அங்கேதான் இருந்தார். கார் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஓட்டுநர் பக்கம் தகடு, முழு வெல்டுக்கு முன்னால் வைக்கும் புள்ளி வெல்டில் நின்றுகொண்டிருந்தது. தன் பக்கம் பார்த்தாள். வெறும் தரை.

"என் பக்கம் எப்போ?"

"உனக்கு எதுக்கு?" என்றார் மாப்பிள்ளை. கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே வியப்பாகக் கேட்டார். "நீ புக்கைத்தானே பார்க்கப் போற?"

தங்கை என்னைப் பார்த்தாள். ஏழு வயதில் மரத்திலிருந்து இறங்கத் தெரியாமல் கிளையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாளே, அதே பார்வை. அன்று ஏறிப் போய் இறக்கினேன். இன்று என்ன செய்தேன் தெரியுமா? கிரைண்டரை ஆன் செய்தேன். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. தேய்க்க ஒன்றுமே இல்லாத இடத்தை இரண்டு நிமிடம் தேய்த்தேன்.

அணைத்தபோது அவள் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இரண்டாவது குழாயைப் பட்டறை மூலையில் இருந்த பீரோவுக்குப் பின்னால் சொருகினேன்.

வெல்ட் முடிந்து, பெயிண்ட் அடித்து, கம்பிக்கு ஸ்பாஞ்ச் சுற்றி, மாப்பிள்ளையை உட்காரச் சொன்னேன். அன்றைக்குத்தான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. கம்பி கதவை மறிக்கிறது, இனி ஆள் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். முதலில் காலை விட்டார், வயிறு வரவில்லை. வயிற்றை முதலில் விட்டார், கால் வெளியே தங்கிவிட்டது. பின்பக்கமாக நுழைந்தபோது ஹார்ன் மேல் உட்கார்ந்து தெருவையே கூப்பிட்டார்.

"இதைக் கொஞ்சம் கீழே இறக்குங்க மச்சான். கணுக்கால் உயரத்துக்கு."

"கணுக்கால் உயரத்துல போட்டா உங்க செருப்பைத்தான் காப்பாத்தும் மாப்பிள்ளை. விலா எலும்பு உங்க பொறுப்பு."

பேக்கரிக்காரர் ஞாபகம் வந்திருக்க வேண்டும், அடங்கிவிட்டார். இந்த முழு விவகாரத்திலும் நான் முதுகெலும்போடு பேசிய ஒரே வாக்கியம் அதுதான். அதுவும் அவருடைய விலாவுக்காக.

பந்தய நாள். மலை அடிவாரத்தில் ஒரு கிடங்கின் முற்றத்தில் கார்களை வரிசையாக நிறுத்திப் பரிசோதனை. பரிசோதகரைக் கிளப்பில் 'கண்ணாடி' என்பார்கள். பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி நீளக் காம்பில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருப்பார். அதை வெல்டின் பின்பக்கம் நீட்டி, நாம் சோம்பல்பட்ட இடத்தைக் கண்டுபிடிப்பார். என் வெல்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்றார். எனக்குத் தலை சற்று நிமிர்ந்தது. பிறகு அவர் அந்தப் பக்கம் போனார்.

"இந்தப் பக்கம் கம்பி எங்கே?"

"எடை" என்றார் மாப்பிள்ளை, சக விஞ்ஞானியிடம் பேசும் தொனியில்.

"இந்த சீசன் புது விதி படிச்சீங்களா? பேக்கரிக்காரர் விபத்துக்கு அப்புறம் போட்டது. பக்கக் கம்பி இல்லாத சீட்டுல ஆள் உட்காரக் கூடாது."

மாப்பிள்ளை விதி படிப்பவர் இல்லை. வீட்டில் மின்சாரக் கட்டணம் முதல் கல்யாணப் பத்திரிகை வரை படிப்பது தங்கைதான். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நோட்டைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள், அவசரமே இல்லாமல்.

"அதனால என்ன? நான் தனியாவே போறேன்" என்றார் மாப்பிள்ளை. "எனக்குத் தெரியாத ரோடா?"

போனார். அந்தச் சாலையை அவர் பன்னிரண்டு முறை ஏறியிருக்கிறார். அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தார். குரல் இல்லாத காரில் ஒவ்வொரு வளைவும் அவருக்குச் சொல்லாமல் வந்த விருந்தாளி. நேர்ச்சாலையில்கூடப் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே போனதாக மேலே கொடி பிடித்திருந்தவர்கள் சொன்னார்கள். ஐந்து நிமிடம் பத்து செகண்டு. இருபத்தாறு கார்களில் இருபத்தாறாவது. அவருக்கு முந்தைய இடத்தில் வந்தவர், நடுவில் வண்டியை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியவர். பேக்கரிக்காரர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். சிரித்தால் விலா வலிக்கும் என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஒவ்வொரு காருக்கும் இரண்டு ஓட்டம். நல்ல நேரம் கணக்கு. மாப்பிள்ளை டயர் சரியில்லை, வெயில் கண்ணில் அடிக்கிறது, வெல்ட் போட்டதில் கார் ஒரு பக்கம் சாய்கிறது என்று வரிசையாகக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிக் காரணத்தைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

"ரெண்டாவது ஓட்டம் நான் போறேன்" என்றாள் தங்கை.

மாப்பிள்ளை சிரித்தார். "விளையாடாதே. பேரு கொடுத்தவங்கதான் ஓட்ட முடியும்."

கண்ணாடி தன் அட்டையிலிருந்த விண்ணப்பத்தைப் புரட்டினார். "மாற்று ஓட்டுநர்னு அவங்க பேரு இருக்கே. கீழே உங்க கையெழுத்துதானே இது?"

அவர் கையெழுத்துதான். அவள் நீட்டிய இடத்தில் போட்டிருக்கிறார், வழக்கம்போல் படிக்காமல்.

தங்கை ஓட்டுநர் பக்கம் போனாள். கம்பியின் மேல் ஒரு கை வைத்து, ஒரு கால், இன்னொரு கால், உள்ளே. மூன்று செகண்டுகூட ஆகவில்லை. சீட்டை முன்னால் இழுத்தாள், இழுத்தாள், இழுத்துக்கொண்டே இருந்தாள். ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், மனைவிக்கு மட்டும் 'உனக்கு ஒத்துவராது' என்று சொல்லிவிட்டார். அவள் கற்றது என்னுடைய இரும்பு ஏற்றும் வேனில். பின்னால் அரை டன் குழாய் ஆடும்போது வளைவு எடுக்கப் பழகியவள்.

கார் மேலே போயிற்று. நாங்கள் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றோம். ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது, ஒரே சீராக. இருபதாவது வளைவு இருக்கும், ஒரு சத்தம் வந்தது. இரும்பு பேரலைச் சம்மட்டியால் அடித்தது மாதிரி ஒரே ஒரு அடி. பிறகு எஞ்சின் சத்தம் திரும்ப வந்தது, மேலே போயிற்று.

நேரம் நான்கு நிமிடம் நாற்பத்தொரு செகண்டு. ஒன்பதாவது இடம். மோதியும்.

இறங்கி வந்து நிறுத்தினாள். முந்தின கார் ஒன்று வளைவில் ஜல்லியை இழுத்துப் போட்டிருந்ததாம். பின்பக்கம் வழுக்கி, பக்கவாட்டில் போய், சாலையோரக் கல் தூணில் சாத்தியிருக்கிறது. அந்தப் பக்கம். கதவு நடுவில் மடங்கி உள்ளே போய், சீட்டைக் கியர் கம்பிக்கு ஒரு விரல்கடை வரை நெருக்கி வைத்திருந்தது. சீட்டில் மிஞ்சிய இடத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம். படிக்க ஆள் உட்கார முடியாது.

மாப்பிள்ளை ஓடினார். நேராகக் கதவுக்கு. "ஐயோ, பெயிண்ட்டு!" என்றார்.

கண்ணாடி தன் காம்பை எடுக்கவே இல்லை. பார்க்க ஒன்றும் மறைந்திருக்கவில்லை. அந்த சீட்டைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வெல்ட் போட்டவன் நான்தானே. பேக்கரிக்காரர்கூடச் சிரிப்பை நிறுத்தியிருந்தார். எனக்குப் பீரோவுக்குப் பின்னால் இருக்கும் குழாய் ஒன்றுதான் கண்ணில் நின்றது. கார் பானெட் மேல் கை ஊன்றிக்கொண்டேன்.

தங்கை கம்பியைத் தாண்டி இறங்கி, சுற்றி வந்து தன் பழைய இடத்தைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்த வளைவின் பக்கத்தைத் திறந்து 'ஜல்லி' என்று எழுதினாள். பேனா எழுத்து கோணலாக இருந்தது. அவள் கையெழுத்து கோணி நான் பார்த்ததே இல்லை.

முதல் பத்து இடத்துக்குள் வந்தவர்களுக்கு அடுத்த மாதம் இறுதிச் சுற்று. அந்த இடத்தைப் பிடித்தவர்தான் அதிலும் ஓட்ட வேண்டும், அருகில் குறிப்பு படிப்பவர் கட்டாயம். கதவைத் தட்டி நிமிர்த்த அந்த வாரமே கார் பட்டறைக்கு வந்தது. பின்னாலேயே மாப்பிள்ளை வந்தார். தங்கை ஓட்டுகிறாள், தான் படிக்கிறார் என்பதை 'ஒரு மாறுதலுக்கு' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். என்னைச் சுற்றி இரண்டு நடை நடந்தார். தொண்டையைச் செருமினார்.

"மச்சான், கதவுதான் கழட்டியாச்சே. அப்படியே இந்தப் பக்கமும் ஒரு கம்பி போட்டுட்டா..."

"எதுக்கு?" என்று குரல் வந்தது. தங்கை வாசலில் நின்றாள். "அஞ்சு கிலோ கூடுமே. அரை செகண்டு போயிடுமே."

"இல்லம்மா, பாதுகாப்புன்னு..."

"உங்களுக்கு எதுக்குங்க? நீங்க புக்கைத்தானே பார்க்கப் போறீங்க?"

மாப்பிள்ளையின் வலது கால் தரையை அமுக்கியது. அங்கே பிரேக் இல்லை. முகம் சுண்டிப்போய், கழற்றி வைத்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் நான் வாய்க்குள் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன், மறைப்பானேன். இருபது வருடச் சிரிப்பு. அவள் அதைப் பார்த்துவிட்டாள். நேராகப் பீரோவிடம் போய், பின்னால் கையை விட்டு, குழாயை இழுத்தாள். அது அங்கே இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஒட்டடையைத் துடைத்தாள். சாக்பீஸ் எழுத்து அழியவில்லை. வாய்விட்டுப் படித்தாள்.

"தங்கச்சி பக்கம்." குழாயைத் திருப்பி, குடைந்து வைத்த வாயில் விரலை ஓட்டினாள். "வேலை முழுசா முடிஞ்சிருக்கே அண்ணே. வெல்ட் மட்டும்தான் பாக்கி."

"மாப்பிள்ளை வேணாம்னு..."

"அவர் வேணாம்னு சொன்னாரு. அவருக்கு இந்தப் பக்கமும் மோதும்னு தெரியாது. உனக்குத் தெரியும்ல?"

என் கை பழக்கத்தில் கிரைண்டரின் சுவிட்சைத் தேடிற்று. அவள் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிக் கீழே போட்டாள். குழாயை என் கையில் கொடுத்தாள்.

"இப்ப போடு. யார் உட்கார்ந்தாலும் இருக்கட்டும்."

முகமூடியை இறக்கிக்கொண்டு போட்டேன். மாப்பிள்ளைதான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். வெல்ட் முடிந்து வெகு நேரம் நான் முகமூடியைத் தூக்கவில்லை.